கிரி தே கனாவாவின் டூயட்டுகள்: ஓபரா குரல் மியூசிக்கலுக்குள் போனபோது

1984 செப்டம்பரில் நியூயார்க்கின் ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக் கூடத்தில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தன்னுடைய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யைப் பதிவு செய்தார். இரண்டு தெருக்கும்பல்களின் பகைக்கு நடுவே காதலிக்கும் டோனி, மரியாவின் கதை. 1957இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையேறிய மியூசிக்கல், அதாவது பாட்டும் பேச்சும் கலந்த நாடகம் அது. உலகம் முழுக்க அந்தப் பாடல்கள் பரவிய பிறகும், அதன் இசை முழுவதையும் இசையமைப்பாளரே நின்று நடத்தியது அதுதான் முதல் தடவை. டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் அவருக்கு ஓபரா உலகின் பெரிய குரல்களைத் திரட்டிக் கொடுத்தது. மரியாவாக நியூசிலாந்தின் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) கிரி தே கனாவா, டோனியாக பார்சலோனாவின் டெனர் (உயர்ந்த ஆண்குரல்) ஹொசே கரேராஸ், அனிட்டாவாக டாட்டியானா ட்ரோயானோஸ். ‘சம்வேர்’ என்ற ஒரே பாட்டைப் பாட மெரிலின் ஹார்ன் வந்தார்.

தட்டு 1985இல் வெளிவந்து நன்றாக விற்றது. நாடக இசைத்தட்டுக்கான கிராமி விருதும் வாங்கியது. அப்புறம் தொடங்கிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஓபராக்காரர்களுக்கு இந்தப் பாட்டு ஒத்துவராது, பெரிய குரலைக் கொண்டுவந்து தெருப்பையன்களின் கதையை நசுக்கிவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். இவ்வளவு அழகாக இதை யாரும் பாடியதில்லை என்பது மறுபக்கம்.

இரண்டுமே பாதி உண்மை என்று நினைக்கிறேன். ‘ஓபரா குரல்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது உண்மையான காரணம் மறைந்துபோகிறது. கிரி தே கனாவா சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய ஓபரெட்டாவை (பேச்சும் வேடிக்கையும் கலந்த லேசான ஓபரா) மேடையிலும் பதிவிலும் பாடினார், மூன்று மியூசிக்கல்களை முழுமையாகப் பதிவு செய்தார். எல்லாவற்றிலும் பாடியது அதே குரல்தான். ஆனால் சில டூயட்டுகள் மனதைப் பிடிக்கின்றன, சில அந்தரத்தில் தொங்குகின்றன. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

குரல் வந்த வழி

கிரி 1944இல் நியூசிலாந்தின் கிஸ்போர்னில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே டாம், நெல் தே கனாவா தம்பதியர் அவரைத் தத்தெடுத்தார்கள். டாம் மாவோரி இனத்தவர். மகள் பாடகியாக வேண்டும் என்பது அம்மா நெல்லின் தீராத ஆசை. ஆக்லாந்தின் செயின்ட் மேரீஸ் கல்லூரியில் சிஸ்டர் மேரி லியோ என்ற கன்னியாஸ்திரியிடம் கிரி குரல் பயின்றார். அப்போது அவரை மெட்ஸோ, அதாவது சோப்ரானோவுக்கு ஒரு படி கீழான குரல் என்றுதான் கணித்திருந்தார்கள்.

அந்த வயதில் அவர் பாடியது ஓபரா மட்டும் இல்லை. கிளப்புகளில், கல்யாணங்களில், கேட்டவர்களுக்குப் பிடித்த லேசான பாட்டுகளைப் பாடிச் சம்பாதித்திருக்கிறார். நியூசிலாந்தில் அவருக்கு முதல் தங்கத்தட்டு வாங்கிக் கொடுத்ததே ஒரு ஓபரெட்டா துண்டு: யோஹான் ஸ்ட்ராஸின் இசையிலிருந்து கோர்க்கப்பட்ட ‘காசனோவா’வின் கன்னியர் கோரஸ். பின்னாளில் விமர்சகர்கள் அவர் மியூசிக்கல் பக்கம் ‘இறங்கி வந்ததாக’ எழுதினார்கள். வாழ்க்கை வரிசையைப் பார்த்தால் அவர் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கிறார்.

1965இல் நியூசிலாந்தின் மொபில் பாட்டுப் போட்டியில் வென்று, அடுத்த ஆண்டு லண்டன் ஓபரா மையத்துக்குப் போனார். இவர் மெட்ஸோ இல்லை, சோப்ரானோ என்று அடையாளம் காணப்பட்டது அங்கேதான். அதன்பின் வேரா ரோஷா என்ற ஆசிரியை அந்தக் குரலைச் செதுக்கினார். 1971 டிசம்பரில் கோவென்ட் கார்டனில், காலின் டேவிஸ் நடத்த, மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஓபராவில் கவுன்டஸ் வேடம். ஒரே இரவில் பெயர் பரவியது. 1974 பிப்ரவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் தெரேசா ஸ்ட்ராடாஸுக்கு உடல்நலம் சரியில்லாமல் போக, சில மணி நேர அவகாசத்தில் ‘ஒதெல்லோ’வின் டெஸ்டெமோனாவாக மேடையேறினார். அது வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான பகல் காட்சி. 1981 ஜூலையில் இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்தில் ஹாண்டெலின் ‘லெட் த பிரைட் செராஃபிம்’ பாடியபோது, ஓபரா பக்கமே தலைவைக்காத கோடிக்கணக்கானவர்கள் அவர் குரலைத் தொலைக்காட்சியில் கேட்டார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனின் ‘சர்’ பட்டத்துக்கு இணையான டேம் பட்டம் வந்தது.

தட்டு நிறுவனங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருக்குமா? 1985இல் நெல்சன் ரிடில் இசைக்கோர்ப்பில் ‘புளூ ஸ்கைஸ்’, 1987இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் பாடல்கள் என்று வரிசையாக வந்தன. இவை தனிப்பாட்டுகள். இங்கே நமக்கு வேண்டியவை டூயட்டுகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் குரலின் பெருமை அதன் கோடு. கீழிருந்து மேல்வரை ஒரே நிறம், எங்கும் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. மேல் ஸ்தாயியில் மெதுவாக, காற்றில் மிதப்பதுபோல ஒரு சுரத்தை நிறுத்தி வைப்பார். அதன் விலை என்னவென்றால், பல நேரம் சொல் பின்னுக்குப் போய்விடும். அவர் மீது அடிக்கடி வைக்கப்பட்ட விமர்சனமும் இதுதான்: குரல் சொக்க வைக்கிறது, வார்த்தை குத்துவதில்லை. அவருடைய மோட்சார்ட் பதிவுகளை அத்தனை பிரியத்தோடு கேட்கிறவன் நான், இருந்தும் இந்த விமர்சனத்தை மறுக்க மாட்டேன். டூயட்டுகளின் கதை முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது.

சொல் ஏன் கரைகிறது

இதில் பாடகியின் சோம்பல் எதுவும் இல்லை, காரணம் ஒலியியலில் இருக்கிறது. கோவென்ட் கார்டனில் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள், மெட்ரோபாலிட்டனில் சுமார் 3,800. அவ்வளவு பெரிய இடத்தில், முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். ஆண் குரல்கள் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலிச்சக்தியைக் குவித்து இதைச் சாதிக்கின்றன. ஆர்கெஸ்ட்ராவின் சத்தம் அந்தப் பகுதியில் குறைவு என்பதால் குரல் பிளந்துகொண்டு வரும்.

உயர்ந்த சோப்ரானோவுக்கு வழி வேறு. ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்து காட்டினார். நாம் பேசும் ‘இ’யும் ‘உ’வும் ‘இ’யாகவும் ‘உ’வாகவும் கேட்பதற்கு, வாய்க்குள் சுமார் 300 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வுநிலை இருக்க வேண்டும். பாடகி 700, 800 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது சுரமே அந்த நிலையைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் வாயை அகலத் திறந்து அதிர்வுநிலையை மேலே தூக்கிச் சுரத்தோடு பொருத்துகிறார். ஒலி பெருகுகிறது. ஆனால் உயிரெழுத்துகள் எல்லாம் ‘ஆ’வை நோக்கிச் சாய்கின்றன. உச்சத்தில் என்ன சொல் பாடுகிறார் என்று தாய்மொழிக்காரருக்கே புரியாமல் போவது இதனால்தான்.

மியூசிக்கல் இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. பெண் பாத்திரங்களின் பாட்டு பெரும்பாலும் பேசும் குரலின் உயரத்திலேயே இருக்கும், நெஞ்சுக்குரலை மேலே இழுத்துப் பாடுவார்கள். சொல்தான் ராஜா. ஒரு வரியின் வேடிக்கை சபைக்குப் புரியவில்லை என்றால் பாட்டே தோற்றது. அப்படியென்றால் சோப்ரானோ உள்ளே வரும்போது எந்தப் பாட்டில் கோடு ஆள்கிறது, எந்தப் பாட்டில் சொல் ஆள்கிறது என்று பார்க்க வேண்டும். டூயட்டில் கூடவே இன்னொன்று: பக்கத்தில் நிற்பவர் யார்?

ஓபரெட்டா: கடிகார டூயட்

ஓபரெட்டாவிலிருந்து தொடங்கினால் அளவுகோல் கிடைக்கும். ஸ்ட்ராஸின் ‘டி ஃப்ளெடர்மவுஸ்’ 1874இல் வியன்னாவில் மேடையேறியது. கிரி 1977இன் கடைசி இரவில் கோவென்ட் கார்டனில் ரோஸலிண்டாவாகப் பாடினார், நடத்தியவர் மும்பைக்காரரான சுபின் மேத்தா. 1983இன் கடைசி இரவில் மறுபடி அதே மேடை, இந்த முறை நடத்துநர் கோலோடு நின்றவர் டெனர் பிளாசிடோ டொமிங்கோ. இரண்டு தடவையும் கணவன் ஐசன்ஸ்டைன் வேடத்தில் ஹெர்மன் பிரே. பிற்பாடு ஆந்த்ரே ப்ரெவின் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய பதிவிலும் ரோஸலிண்டா அவர்தான்.

இரண்டாம் அங்கத்தில் வரும் கடிகார டூயட்டைக் கேளுங்கள். விருந்தில் முகமூடி போட்ட ஹங்கேரிய சீமாட்டியாக ரோஸலிண்டா வந்திருக்கிறாள். அவள் தன் மனைவி என்று தெரியாமல் ஐசன்ஸ்டைன் அவளிடமே வழிகிறான். மணியடிக்கும் பாக்கெட் கடிகாரத்தை ஆட்டிக் காட்டிப் பெண்களை மயக்குவது அவன் வழக்கம். அவளோ, நாளைக்கு இது சாட்சியாகும் என்று அதையே அபகரிக்கப் பார்க்கிறாள். இதயம் எத்தனை முறை துடிக்கிறது, கடிகாரம் எத்தனை முறை டிக்டிக்கிறது என்று இருவரும் எண்ணுகிறார்கள், கணக்கு குழம்புகிறது, கடிகாரம் கைமாறிவிடுகிறது.

இந்த டூயட்டுக்கு நல்ல ஜெர்மன் உச்சரிப்பும் நகைச்சுவையும் தேவை. ஆனால் ஸ்ட்ராஸ் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பேச்சுப்போல ஓடும் இடங்கள் குரலின் நடுப்பகுதியில் இருப்பதால் சொல் தெளிவாகவே விழும். அவள் ஜெயித்த பிறகு குரல் மேலே பறந்து சுழல்கிறது. அங்கே வார்த்தை அநேகமாக இல்லை, தேவையும் இல்லை, அவள் சிரிப்பே சுரமாகிவிடுகிறது. ஓபராப் பயிற்சி பெற்ற, பேசவும் தெரிந்த பாடகர்களை மனதில் வைத்தே எழுதப்பட்ட இசை இது. கிரி இங்கே சொந்த வீட்டில் நடமாடுகிறார். பிரேயும் அப்படியே. அவர் பாரிடோன், அதாவது டெனரைவிடக் கீழான ஆண்குரல், வேடமோ வழக்கமாக டெனருக்குரியது. ஆனாலும் தாய்மொழியில் விளையாடும் நடிகன் என்பதால் சொல்லின் பாரத்தை அவர் சுமந்துகொள்கிறார், கிரிக்குக் கோடு மட்டும் மிச்சம். கிரியின் டூயட்டுகளில் எது தேறும், எது தேறாது என்பதற்கான சூத்திரம் இந்த வேலைப் பிரிவினைதான்.

வெஸ்ட் சைட் ஸ்டோரி

1957இன் மூலப் பதிவில் டோனியாக லாரி கெர்ட்டும் மரியாவாக கரோல் லாரன்ஸும் பாடினார்கள். நாடகம் தொடங்கிய சில நாட்களில், ஒரே நாளில் பதிவான தட்டு அது. இளமை, மூச்சிரைப்பு, நாடகத்தின் சூடு எல்லாம் அதில் இருக்கின்றன. 1961 படத்தில் நடாலி வுட்டின் வாய்க்கு மார்னி நிக்சன் பின்னணி பாடினார். செவ்வியல் பயிற்சி பெற்ற சோப்ரானோ அவர். ஆகவே மரியா சோப்ரானோவால் பாடப்படுவதில் 1984இல் புதுமை ஒன்றும் இல்லை. மரியாவின் பாகமே உயரத்தில் எழுதப்பட்டதுதான். குறை சொல்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

1984இல் நடந்தது வேறு. பதிவு நடக்கும்போது பிபிசிக்காக எடுக்கப்பட்ட ஆவணப்படத்தில் அது கண்முன்னே தெரிகிறது. ‘சம்திங்ஸ் கமிங்’ பாட்டில் கரேராஸ் திரும்பத் திரும்பத் திணறுகிறார். ஆங்கிலச் சொல் தாளத்தில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதில் சறுக்குகிறார், பெர்ன்ஸ்டைன் பொறுமை இழக்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அந்த மனிதர் அப்போது உலகின் மிக அழகான டெனர் குரல்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். அவர் குரலில் எந்தக் குறையும் இல்லை, பாத்திரத் தேர்வுதான் தவறு. டோனி நியூயார்க் தெருக்களில் வளர்ந்த, போலந்து வம்சாவளிப் பையன். மரியா ஸ்பானிய மொழி பேசும் புவெர்டோ ரிக்கோவிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியவள். பதிவிலோ இது தலைகீழ்: அமெரிக்கனின் ஆங்கிலத்தில் ஸ்பானிய வாடை, குடியேறிய பெண்ணுக்கோ ஆங்கிலமே தாய்மொழி. இரண்டு கும்பல்களுக்கு நடுவிலுள்ள வேலியை முதலில் காட்டிக்கொடுப்பது பேச்சுதான் என்ற கதையில் இது சின்ன விஷயம் இல்லை.

பாட்டுகளுக்கு நடுவே வரும் வசனத்தை கிரியும் கரேராஸும் பேசவில்லை. பெர்ன்ஸ்டைனின் மகள் நினாவும் மகன் அலெக்சாண்டரும் பேசினார்கள். குழந்தைத்தனம் மாறாத இரண்டு பேச்சுக்குரல்கள், உடனே தொடரும் முதிர்ந்த இரண்டு பாட்டுக்குரல்கள். பாடும் வாயும் பேசும் வாயும் ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம். ஓபரெட்டாவில் கிரிக்குக் கிடைத்த அந்த இயல்பான வழுக்கல், பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் ஓட்டம், இங்கே தயாரிப்பிலேயே வெட்டப்பட்டுவிட்டது.

இனி மூன்று டூயட்டுகள்.

‘டுநைட்’, மாடிப்படிக் காட்சி. உச்சத்தில் இருவரும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாடுகிறார்கள். சோப்ரானோ மேலே போகும்போது சொல் கரைவது இயற்கை, கீழே பாடும் டெனர் அந்தச் சொல்லைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இங்கே டெனரின் சொல்லும் நிச்சயமில்லாமல் ஆடுகிறது. விளைவு என்னவென்றால், இரண்டு பேரழகான ஒலிகள் அருகருகே நிற்கின்றன, இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது கேட்கவில்லை. கிரியின் கடைசி மெல்லிய சுரம் மட்டும் தனியாக நெஞ்சில் நிற்கிறது.

‘ஒன் ஹேண்ட், ஒன் ஹார்ட்’ வேறு கதை. இது முதலில் பெர்ன்ஸ்டைனின் ஓபரெட்டாவான ‘கான்டைட்’டுக்காகப் பிறந்த மெட்டு. பாடலாசிரியர் ஸ்டீவன் சோண்ட்ஹைமிடம் வந்தபோது ஒரு தாளக் கட்டுக்கு ஒரே நீண்ட சுரமாக இருந்தது, சொல் வைக்க இடமில்லை என்று அவர் கேட்டு இன்னும் இரண்டு சுரங்கள் வாங்கிக்கொண்டார். அப்படியும் அது நீண்ட மூச்சுப் பாட்டுதான். சின்னச் சின்ன ஓரசைச் சொற்கள், கிட்டத்தட்ட ஜபம். திருமண உடைக் கடையில் இருவரும் விளையாட்டாகத் தாலி கட்டிக்கொள்வதுபோலத் தொடங்கி, விளையாட்டு நின்றுபோகும் தருணம் அது. இங்கே உச்சரிப்பு வித்தியாசம் தொந்தரவு செய்வதில்லை. மெதுவான வேகம், ஒட்டில்லாத கோடு, அவசரமில்லாத மூச்சு எல்லாம் கிரிக்கும் கரேராஸுக்கும் இயல்பானவை. மேடை நடிகர்கள் பாடிய எந்தப் பதிவிலும் இந்தப் பாட்டு இவ்வளவு பரிசுத்தமாக எனக்குக் கேட்டதில்லை. ஓபரா குரல் இந்த நாடகத்துக்குப் பொருந்தாது என்று மொத்தமாகத் தள்ளிவிட நினைக்கிறவர்கள் இந்த ஒரு டூயட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதில் கரேராஸ் இல்லவே இல்லை. ‘எ பாய் லைக் தட்’, அதைத் தொடரும் ‘ஐ ஹாவ் எ லவ்’. தன் காதலனான பெர்னார்டோவைக் கொன்ற டோனியோடு மரியா இருக்கிறாள் என்று தெரிந்து அனிட்டா வெடிக்கிறாள். மரியா முதலில் எதிர்க்கிறாள், பிறகு கெஞ்சுகிறாள், கடைசியில் இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்கின்றன. அனிட்டாவின் பகுதி மிகக் கீழே கிடக்கிறது. 1961 படத்தில் அனிட்டாவாக நடித்த ரீட்டா மொரேனோவுக்கே இந்தப் பாட்டில் பெட்டி வாண்ட் பின்னணி பாட வேண்டியிருந்தது. ஓபரா மெட்ஸோவுக்கோ அந்தக் கீழ்ப்பகுதிதான் ஆயுதக் கிடங்கு. ட்ரோயானோஸ் நெஞ்சுக்குரலில் உறுமுகிறார், சொல் ஒவ்வொன்றும் கடித்துத் துப்பியதாக விழுகிறது. அவர் நியூயார்க்கில் பிறந்தவர், பின்னாளில் லிங்கன் மையம் எழுந்த அந்த மேற்குப் பகுதியில் சிறு வயதைக் கழித்தவர். கதை நடக்கும் மண் அவருக்குப் பாடம் படித்து வந்ததில்லை.

எதிரே கிரியின் கோடு. இந்த டூயட்டில் சொல் முழுக்க அனிட்டாவின் கையில், கோடு மரியாவின் கையில். மரியா வாதத்தில் ஜெயிக்கவில்லை, அவளிடம் வாதமே இல்லை, காதலிக்கிறேன் என்பதைத் தவிர வேறு பதிலும் இல்லை. வாதம் தெரியாத ஒரு நீண்ட மெட்டு கோபத்தைக் கரைக்க வேண்டும். கிரியின் பலவீனம் என்று சொல்லப்பட்ட அதே குணம் இங்கே நாடகத்தின் மையமாகிவிடுகிறது. தட்டு முழுவதிலும் எனக்கு உச்சம் இதுதான். பெர்ன்ஸ்டைன் எழுதும்போதே அவருக்குள் ஒரு ஓபரா இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

சவுத் பசிஃபிக்: சேர்ந்து பாடாத டூயட்

வெற்றி கண்டதும் அதே ஜோடியை மறுபடி பூட்டினார்கள். 1986இல் லண்டனில், லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை ஜோனதன் டூனிக் நடத்த, ராட்ஜர்ஸ் – ஹாமர்ஸ்டைனின் ‘சவுத் பசிஃபிக்’. நர்ஸ் நெல்லியாக கிரி, பிரெஞ்சுத் தோட்ட முதலாளி எமீலாக கரேராஸ், பிளடி மேரியாக ஜாஸ் மேதை சாரா வான், லெஃப்டினன்ட் கேபிளாக மேண்டி படின்கின்.

இதில் சிக்கல் மூலத்திலேயே இருக்கிறது. 1949இல் எமீலாக நடித்தவர் மெட்ரோபாலிட்டனின் பெயர்பெற்ற பாஸ் (மிகத் தாழ்ந்த ஆண்குரல்) குரல்காரர் எட்சியோ பின்சா. நெல்லியாக நடித்தவர் பிராட்வே நட்சத்திரம் மேரி மார்ட்டின். பின்சாவின் குரலோடு தன் குரல் மோதுவதை மார்ட்டின் விரும்பவில்லை. ராட்ஜர்ஸ் அதை ஏற்று, ‘ட்வின் சொலிலக்வீஸ்’ பகுதியில் இருவரையும் மாறி மாறி, தங்களுக்குள்ளேயே நினைத்துக்கொள்வதாகப் பாட வைத்தார். சேர்ந்து ஒரு வரியும் கிடையாது. இருவரும் கோப்பையோடு நின்று ஒருவரை ஒருவர் பார்க்க, சொல்லாமல் விட்டதை ஆர்கெஸ்ட்ரா எழும்பிச் சொல்கிறது. இசை நாடக வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான தீர்வுகளில் இதையும் சேர்க்கலாம். ஓபராக்காரனும் மேடை நடிகையும் என்ற குரல் இடைவெளி, வயதான ஐரோப்பியனும் ஆர்கன்சா மாநிலத்துப் பெண்ணும் என்ற கதை இடைவெளியாகவே மாறிவிட்டது.

1986இல் அந்த இடைவெளி இல்லை. இரண்டு பேரும் ஓபராக்காரர்கள். அதோடு பாஸுக்கு எழுதியதை டெனருக்காக மேலே தூக்கினார்கள், எமீலின் கனமும் வயதும் அதோடு போய்விட்டன. அப்போது கரேராஸுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை, கிரி அவரைவிட மூத்தவர். கதையின் வயது வித்தியாசம் காதில் தலைகீழாக விழுகிறது. கிரிக்கோ மார்ட்டினின் பேச்சு உயரத்துக்கு எழுதப்பட்ட பாட்டுகள். அவருடைய மேல் ஸ்தாயிக்கு அங்கே வேலையே இல்லை. கையிலிருந்த ஒரே செல்வத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னதுபோல. கவனமாகத்தான் பாடியிருக்கிறார், குறை சொல்ல சுருதியிலோ தாளத்திலோ ஒன்றுமில்லை. நெல்லிதான் காணோம். இந்தத் தட்டில் ஜீவனோடு இருப்பது சாரா வான்.

மை ஃபேர் லேடி

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1987இல் ஜான் மவுசேரி நடத்த, பூ விற்கும் எலைசாவாக கிரி, அவளுக்கு உச்சரிப்பு கற்றுத்தரும் பேராசிரியர் ஹிக்கின்ஸாக நடிகர் ஜெரமி அயர்ன்ஸ். இந்த நாடகத்தின் அமைப்பே காதல் டூயட்டை மறுக்கிறது. ஹிக்கின்ஸ் பாட்டைப் பேசுகிறவன், எலைசா பாடுகிறவள், இருவரும் ஒன்றாக உருகும் ஒரு மெட்டுகூடக் கிடையாது. பாத்திரமோ உச்சரிப்பை மாற்றிக்கொள்ளும் பெண், கதை முழுவதுமே சொல்லைப் பற்றியது. ‘ஐ குட் ஹாவ் டான்ஸ்ட் ஆல் நைட்’ என்ற ஒரு தனிப்பாட்டில் கிரி மலர்கிறார், அது மேலே பறக்கிற மெட்டு. 1964 படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காக அதைப் பின்னணி பாடியவரும் அதே மார்னி நிக்சன்தான். மரியாவும் எலைசாவும் திரையில் ஒரே தொண்டையிலிருந்து வந்திருக்கிறார்கள்.

இந்தத் தட்டில் இன்னொரு முக்கியமான ஆள் இருக்கிறார். எலைசாவைக் காதலிக்கும் ஃப்ரெடியாகப் பாடிய டெனர் ஜெர்ரி ஹேட்லி. இல்லினாயில் பிறந்தவர், ஓபராப் பயிற்சி முழுமையாகப் பெற்றவர், ஆங்கிலச் சொல்லைச் சுரத்தின் மேல் அலுங்காமல் வைக்கத் தெரிந்தவர். 1984இல் டோனிக்கு என்ன தேவைப்பட்டதோ அதெல்லாம் இவரிடம் இருந்தது.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1988இல் ஜான் மெக்லின் நடத்திய ‘ஷோ போட்’ முழுப் பதிவில் ஹேட்லியும் ஃப்ரெடரிகா ஃபான் ஸ்டாடேயும் ஜோடி. ஃபான் ஸ்டாடேயும் ஓபரா மெட்ஸோதான், 1971இல் சான்டா ஃபேயில் கிரி கவுன்டஸாகப் பாடியபோது கூடவே கெருபினோவாகப் பாடியவர். ‘மேக் பிலீவ்’ டூயட்டில் இரண்டு ஓபராக்காரர்கள் பாடுகிறார்கள் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. ஒரு சூதாடியும் ஒரு பெண்ணும் பொய்யாகக் காதலிப்பதாகத் தொடங்கி உண்மையில் விழுவது மட்டும்தான் கேட்கிறது. அந்தப் பதிவில் ஜூலியாகப் பாடியவர் தெரேசா ஸ்ட்ராடாஸ், 1974இல் யாருடைய இடத்தில் கிரி மேடையேறினாரோ அவரேதான்.

1989 டிசம்பரில் பெர்ன்ஸ்டைன் லண்டனில் ‘கான்டைட்’டை நடத்திப் பதிவு செய்தபோது கான்டைடாக ஹேட்லியையும், அவன் காதலி குனிகண்டாக பாஸ்டனில் பிறந்த சோப்ரானோ ஜூன் ஆண்டர்சனையும் நிறுத்தினார். ‘ஓ ஹாப்பி வீ’ டூயட்டில் அவன் சின்னப் பண்ணையையும் எளிய வாழ்க்கையையும் கனவு காண்கிறான், அவள் நகைகளையும் படகையும் கனவு காண்கிறாள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறவே இல்லை, எவ்வளவு ஒத்த மனம் நமக்கு என்று இருவரும் பூரிக்கிறார்கள். இங்கே ஒரு சொல் தப்பினாலும் வேடிக்கை செத்துவிடும். அந்தப் பதிவில் ஒரு சொல்லும் தப்பவில்லை.